உடம்பு போட்டுக்கொண்டவர்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இந்த வீட்டில் ஒருவரைத் தவிர எல்லோரும் நலம். அந்த ஒருவர் யார் என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம் என்பதால், நலம் சொல்வதை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்கே அக்காவும் பிள்ளைகளும் உங்கள் ஆராய்ச்சிக்கூடத்து எலிகளும் சௌக்கியமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

இதை நான் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன் என்றால் முதல் வரியிலேயே நீங்கள் சிரித்துவிடுவீர்கள், அதற்குப் பிறகு இரண்டாவது வரி என் தொண்டையை விட்டு வராது. இன்னொரு காரணமும் உண்டு. நான் வாய்விட்டுப் பேசினால் கேட்டுவிடக்கூடிய தூரத்தில் ஓர் ஆள் இருக்கிறார். எவ்வளவு தூரம் என்றால், மேசை விளிம்பில் இடித்துக்கொண்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேனே, இடிப்பது அவர்தான்.

கோபித்துக்கொள்ளக் கூடாது மச்சான், இதெல்லாம் உங்களிடமிருந்துதான் ஆரம்பித்தது. போன தடவை வந்தபோது வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் வயிற்றை இரண்டு விரலால் பிடித்து ஆட்டி, "என்ன மாப்பிள்ளை, நல்லா உடம்பு போட்டுட்டீங்க!" என்றீர்கள். பக்கத்தில் நின்ற நம் கொர்ரி (மூக்கடைப்பால் எப்போதும் கொர் கொர் என்று மூச்சு விடுகிறாள் என்று நீங்கள் வைத்த பெயர்தான், இப்போது பள்ளிக்கூட வாத்தியார்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்) உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்து, "உடம்பு போடுறதுன்னா சட்டை போடுற மாதிரியா? யாரோட உடம்பை?" என்று கேட்டாள். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அதை உங்கப்பனைத்தான் கேக்கணும்" என்றீர்கள். நானும் சிரித்தேன். ஏழு வயதுக் குழந்தை ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிட வேண்டும் மச்சான். சொல்லாமல் விட்டால் அதுவே தேடிக் கண்டுபிடித்துவிடுகிறது.

அதற்கு மறுவாரமே எங்கள் இருவரையும் உங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் இந்த ஊர்க் கிளையில் சேர்த்துவிட்டீர்கள். கீழ்த்தளத்தில் குழந்தைகளின் சைனஸுக்கு என்ன வைத்தியம் சரி என்று ஒரு ஆராய்ச்சி, மாடியில் வயது ஏற ஏற எடை ஏன் ஏறுகிறது என்று இன்னொரு ஆராய்ச்சி. அப்பாவும் பெண்ணும் ஒரே பஸ்ஸில் போய் வந்துவிடலாம் என்றீர்கள். கீழ்த்தளத்தில் முதல் நாளே நான் மூக்கறுபட்டேன். நான் யார், பெயின்ட் கடையில் நிறம் கலந்தே தலை நரைத்தவன். கொர்ரியின் கைக்குட்டையைப் பார்த்த மாத்திரத்தில் இன்றைக்குப் பள்ளிக்கூடமா டாக்டரா என்று சொல்லிவிடுவேன். இளம்பச்சை என்றால் பள்ளிக்கூடம், பாசிப்பச்சை என்றால் வீட்டோடு இரு, அதில் மஞ்சள் கலந்தால் மருந்து. அந்த அம்மாவிடம், அதாவது குழந்தைகள் டாக்டரிடம், கடையின் ஷேட் கார்டை விரித்து வைத்தே விளக்கினேன். அவர் முழுக்கப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சளியோட நிறத்தை வச்சு கிருமி இருக்கா இல்லையான்னு சொல்ல முடியாதுங்க. மூக்குல குச்சி விட்டு எடுத்துப் பாத்துதான் முடிவு பண்றோம்" என்றார். "அப்போ நிறம்?" என்றேன். "நிறம், நிறம்தாங்க" என்றார். குச்சி விட்டுப் பார்த்ததில் கொர்ரிக்கு ஆன்டிபயாடிக்கே தேவையில்லை என்று தெரிந்தது. வெறும் உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவ வேண்டும், காலையில் ஒரு ஸ்பிரே, அவ்வளவுதான். இத்தனை வருஷம் என் பேச்சை நம்பி அவள் குடித்த மருந்தையெல்லாம் நினைத்து உங்கள் தங்கை என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மூக்குக் கழுவுவது என்றால் என்ன என்று ஆராய்ச்சிக்காரர்கள் நீங்கள் யாரும் செய்து பார்த்திருக்க மாட்டீர்கள். வாஷ்பேசின் முன்னால் ஒரு முக்காலி, அதன் மேல் குழந்தை, குழந்தையின் தலையை உங்கள் தங்கை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடிக்க, நான் ஒரு மூக்குத்துளையில் தண்ணீர் விட, அது மறு துளை வழியாக வந்து என் வாயில் விழும். இப்படியே தினமும் காலையில் குளித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு நாள் மூக்கு திறந்துகொண்டது. திறந்துகொண்டது என்றால், வீட்டில் ஒரு சத்தம் நின்றுபோனது. அந்தக் கொர் கொர் நின்ற பிறகுதான் மச்சான், இத்தனை நாளும் அதை வைத்தே அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டிருந்தேன் என்பதே எனக்குப் புரிந்தது. இப்போது அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரிவதே இல்லை. பேப்பரை மடித்துவிட்டுத் திரும்பினால் பின்னாலேயே நிற்கிறாள். மோந்துகொண்டு நிற்கிறாள்.

அன்றைக்குக் காலை முழுக்க என்ன கொண்டாட்டம் தெரியுமா? ரப்பரை மோந்தாள், சோப்பை மோந்தாள், இஸ்திரிப் பெட்டியை மோந்தாள், அம்மாவின் தலைமுடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெளியே வரவே மாட்டேன் என்றாள். செருப்பு அலமாரிக்குள் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு செருப்பும் யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். உங்கள் தங்கை அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது, ஆனால் எனக்குக் கலங்கியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மூக்கடைத்த குழந்தை "அம்மா" என்று கூப்பிட்டால் அது "அப்பா" என்றுதான் கேட்கும், நீங்களே மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். இத்தனை வருஷமும் பிள்ளை எப்போது பார்த்தாலும் என்னையே கூப்பிடுகிறாள் என்று பெருமையில் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். மூக்கு திறந்த அன்றைக்குத்தான் தெரிந்தது, அத்தனையும் அம்மாவாம். சரி, போகட்டும். ஓடினதற்கெல்லாம் மடியில் ஏறி உட்கார்ந்தாளே, அது எனக்குத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த மடிதான் இப்போது இல்லை. அன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்தேன். வழக்கம்போல ஓடி வந்தாள். வழக்கம்போல வயிற்றின் மேல் தாவி ஏறப்போனவள், பாதியில் நின்றுவிட்டாள். என் கையைப் பிடித்து மோந்து, "இது பெயின்ட். இது நீ" என்றாள். சந்தோஷமாகச் சொன்னாள். தோளை மோந்து, "இதுவும் நீ" என்றாள். பிறகு சட்டையில், வயிற்றுக்கு நேராக மூக்கை வைத்தாள். வைத்தவள் மெதுவாக இரண்டடி பின்னால் போய், "இது யாரு?" என்றாள்.

என்ன வாசனை வருகிறது என்று கேட்டோம். "நம்ம மாடியில யாருமே குடிவராம காலியா கெடக்குற வீடு இருக்குல்ல, அது மாதிரி. ஆனா உள்ள ஆள் இருக்காங்க" என்றாள். நாங்கள் சிரித்தோம், ரொம்பச் சிரித்தோம். நான் குளித்துவிட்டு வந்தேன், சோப்பு மாற்றினேன், பனியன் மாற்றினேன், உங்கள் தங்கையின் பவுடரைப் பாதி டப்பா கொட்டிக்கொண்டேன். கொர்ரி தூரத்திலிருந்தே, "அவருக்கும் பவுடர் போட்டிருக்கியா?" என்றாள்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டும். கொர்ரி என்னை "நீ" என்றுதான் பேசுவாள். "நீ வா, நீ போ, நீ சாப்பிட்டியா." உங்கள் தங்கை எத்தனையோ தடவை அதட்டியிருக்கிறாள், நீங்களும்கூட அப்பாவை நீங்க என்று சொல்லணும் என்று பாடம் எடுத்தீர்கள். நான்தான் இருக்கட்டும் விடுங்கள் என்றேன். ஊரில் எல்லோருக்கும் நான் நீங்க, முதலாளிக்கு நான் ஏய், அந்த "நீ" ஒன்றுதான் எனக்கே எனக்கென்று இருந்தது. இப்போது என்ன நடக்கிறது என்றால், என் முகத்தைப் பார்த்து "நீ எப்போ வந்தே?" என்று கேட்பாள். உடனே பார்வையைக் கீழே இறக்கி, என் வயிற்றைப் பார்த்து மரியாதையாக, "நீங்க எப்போ வந்தீங்க?" என்பாள். பதிலுக்குக் காத்திருப்பாள் மச்சான். அப்போது என் வயிறு கடமுடா என்று ஏதாவது ஒரு சத்தம் போடும். சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள்.

மாடி ஆராய்ச்சியில் விஷயத்தைச் சொல்லிப் பார்க்கலாம் என்று கொர்ரியையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருக்கிற சின்ன வயசு ஆராய்ச்சியாளர், ஒல்லிக்குச்சி, அந்த உடம்பை வைத்துக்கொண்டு எடை ஆராய்ச்சி பண்ண அவருக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ, எனக்குப் படம் போட்டு விளக்கினார். "நீங்க அதிகம் சாப்பிடுறதால மட்டும் இல்லைங்க. நடு வயசுல வயித்துப் பக்கம் புதுசா செல்லுங்க உண்டாகுதுன்னு நினைக்கிறோம். சின்ன வயசுல உங்ககிட்ட இல்லாத செல்லுங்க." எங்கிருந்து வருகின்றன என்று கேட்டேன். "அதைத்தாங்க தேடிக்கிட்டிருக்கோம்" என்று சிரித்தார். பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்த கொர்ரி காலை ஆட்டுவதை நிறுத்திவிட்டு, "அப்போ அது எங்கப்பா இல்லையா?" என்றாள். அவர் குனிந்து அவள் கன்னத்தைத் தட்டி, "அப்பாதான் பாப்பா, புது அப்பா" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் கொர்ரி என்னைத் திரும்பிப் பார்த்தாள் பாருங்கள், நான்தான் சொன்னேனே என்பது மாதிரி ஒரு பார்வை.

அப்புறம் எடை பார்த்தார்கள். வெறுங்காலோடு தட்டின் மேல் ஏறி இரண்டு கையாலும் பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், எடை, கொழுப்பு, நீர் எல்லாவற்றையும் அந்த மிஷினே சொல்லும். நான் ஏறினேன். எண் எதுவும் வரவில்லை. திரையில், "தயவுசெய்து ஒருவர் மட்டும் ஏறவும்" என்று வந்தது. எடை பார்க்கிற அம்மா மிஷினின் தலையில் இரண்டு தட்டுத் தட்டி, "தரை ஈரமா இருந்தா இது இப்படித்தாங்க உளறும்" என்றார். நான் இறங்கி, துடைத்துவிட்டு மறுபடி ஏறினேன். மறுபடியும் தயவுசெய்து என்றது. மூன்றாவது தடவை அந்த அம்மாவே சொன்னார், "கொஞ்சம் மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, ஒருத்தராத் தெரிவீங்க." மூச்சைப் பிடித்ததும் எண் வந்தது. போன தடவையைவிட ஐந்து கிலோ கூட. நான் ராத்திரிச் சாப்பாட்டையே விட்டிருக்கிறேன், கடைக்கு நடந்துதான் போகிறேன், கன்னம் ஒட்டிப்போய் என் பழைய மூக்குக்கண்ணாடி நழுவி விழுகிறது. நான் இளைத்துக்கொண்டு வருகிறேன் மச்சான். எடைதான் ஏறுகிறது.

வீட்டில் கொர்ரிக்கு இப்போது ஒரு புது வேலை. துவைக்கப் போடுகிற என் துணிகளை மோந்து பார்த்து இரண்டாகப் பிரிக்கிறாள். இது அப்பாவோடது, இது அவரோடது. ஆரம்பத்தில் அவர் பக்கம் பனியன் மட்டும்தான் விழுந்தது. பிறகு சட்டை. பிறகு துண்டு, தலையணை உறை. போன வாரம் என் பக்கத்தில் ஒரு கைக்குட்டை மட்டும் கிடந்தது. உங்கள் தங்கைக்கு இதில் ஒரே சிரிப்பு, துணி பிரிக்கவாவது பழகினாளே என்கிறாள். "சும்மா பிள்ளையைப் போட்டு நச்சரிக்காதீங்க, மூக்கு இப்பத்தானே திறந்திருக்கு, கொஞ்ச நாள்ல சரியாப்போயிடும்" என்கிறாள். அவளும்தான் எனக்கு ஒரு அளவு பெரிய சட்டையாக வாங்கி வைத்திருக்கிறாள். "போட்டுப் பாருங்க, உங்களுக்கு எப்படியும் சரியா வந்துடும்" என்றாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

கடையிலும் ஒரு விஷயம் நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் படுக்கையறைக்கு வெள்ளை கேட்டார். வெள்ளையிலேயே எத்தனையோ வெள்ளை இருக்கிறது, அது வேறு விஷயம். நான் டப்பாவைத் திறந்து வைத்தேன். அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது, முதலாளி என் தோளில் தட்டி, "அடேயப்பா, இது என்ன நிறம்யா? கார்டுலயே இல்லையே!" என்றது. டப்பாவில் சாம்பலும் இல்லாத நீலமும் இல்லாத ஒரு நிறம் தயாராக இருந்தது. நான் கலந்த மாதிரித் தெரியவில்லை. வாடிக்கையாளர் அதை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இதான் வேணும். இது எங்கேயோ பாத்த மாதிரியே இருக்கு" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த நிறத்தைக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். நான் கலந்து பார்த்தால் வருவதில்லை. கலக்கவேண்டும் என்று நினைக்காமல் நின்றால் வருகிறது. முதலாளி இப்போதெல்லாம் என்னை ஏய் என்பதில்லை, வாங்க உக்காருங்க என்கிறார்.

எல்லோருக்கும் அவரைப் பிடித்துப்போய்விட்டது மச்சான், என்னைத் தவிர. கொர்ரிக்கும் பிடித்துவிடுமோ என்பதுதான் என் பயம். இப்போதைக்கு அவளுக்குப் பிடிக்கவில்லை. அவர் பக்கம் மடியில் ஏறமாட்டேன் என்கிறாள். ஆனால் அவள் பாவம், என்ன செய்வாள், என் பக்கம் ஏறுவதற்கு இடமும் குறைந்துகொண்டே வருகிறது. தோள் போய்விட்டது. கழுத்து போய்விட்டது என்று நேற்று சொன்னாள். இடது கையை மோந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்துவிட்டாள். வலது கை மட்டும் இன்னும் "இது நீ"தான். பள்ளிக்கூடம் போகும்போது அந்தக் கையின் சுண்டுவிரலை மட்டும் பிடித்துக்கொண்டு, என்னிடமிருந்து ஒரு கை தூரம் தள்ளி நடந்து வருகிறாள். எதிரே வருகிறவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்கு நடுத்தெருவில் அழுகை வருகிறது. பெற்ற பிள்ளை பக்கத்தில் வரமாட்டேன் என்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, நீங்களும் பிள்ளை பெற்றவர்தான்.

அதனால் உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், நீங்கள் பெரிய இடத்தில் இருக்கிறீர்கள், இரண்டு ஆராய்ச்சிக்காரர்களும் உங்கள் பேச்சைக் கேட்பார்கள். மாடியில் சொல்லி இவரை என்னிடமிருந்து எடுத்துவிட முடிந்தால் எடுக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் கீழ்த்தளத்தில் சொல்லி, கொர்ரியின் மூக்கைப் பழையபடி அடைத்துத் தரச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள். இது எவ்வளவு கேவலமான வேண்டுகோள் என்று எனக்குத் தெரியும். ரப்பரும் சோப்பும் அம்மாவின் தலைமுடியும் அவளுக்கு மறுபடி இல்லாமல் போகும், தெரியும். அவள் மறுபடி கொர் கொர் என்று மூச்சு வாங்குவாள், அதுவும் தெரியும். ஆனால் அவள் அம்மாவைக் கூப்பிட்டாலும் சரி, எனக்கு அப்பா என்று கேட்கும், நான் ஓடுவேன். ஓடினால் மடியில் ஏறுவாள். எனக்கு அது போதும். மூக்கடைத்த குழந்தைக்கு நான்தான் அப்பா, முழுசாக நான்தான்.

கை வலிக்கிறது, வலது கைதான். இதை இன்றே தபாலில் சேர்த்துவிட வேண்டும். அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், பிள்ளைகள் நோய் நொடியில்லாமல், மூக்கும் முழியுமாக, அளவான எடையோடு நூறாண்டு வாழ வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் அன்பையும் உடனடிப் பதிலையும் நாடும்,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே எழுதியிருப்பதை நீங்கள் பொருட்படுத்த வேண்டாம். உறை ஒட்டுவதற்குள் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. குழந்தை தானாகவே பக்கத்தில் வந்தாள். வலது கையை எடுத்து, வெகுநேரம் மோந்து பார்த்தாள். கொஞ்சம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்போ எல்லாம் ஒரே வாசனைதான். ரெண்டு பேர் இருந்தாத்தான் பயமா இருந்துச்சு. நீங்க உக்காருங்க" என்று சொல்லி மடியில் ஏறி உட்கார்ந்தாள். இவ்வளவு மரியாதையான குழந்தையை வளர்த்ததற்கு உங்கள் தங்கையைப் பாராட்ட வேண்டும். அந்தப் பெரிய சட்டையும் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆகவே மாடியிலும் கீழ்த்தளத்திலும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம், மூக்கு திறந்தபடியே இருக்கட்டும். ஒரே ஒரு உதவி. குழந்தை மடியிலேயே தூங்கிவிட்டாள், எழுந்ததும் கூப்பிட வேண்டும். மேலே இருப்பது ஊரே கூப்பிடுகிற பெயர், இவளை நான் தனியாக என்ன சொல்லிக் கூப்பிடுவது வழக்கம் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். வீட்டில் கேட்டால் நன்றாக இருக்காது.